கீழ்வீட்டுச் சத்தம்

ஜெபராஜை இன்றைக்குச் சேர்த்துவிட்டார்கள். திறமையைப் பார்த்துச் சேர்க்கவில்லை, வேறொருவனுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது, ஆள் இல்லாமல் சேர்த்திருக்கிறார்கள், போகட்டும், எப்படியோ சேர்த்தார்களே. சீசனின் முதல் ஆட்டத்தில் ஆடிய பையனை அடுத்த நாலு ஆட்டத்துக்கும் தண்ணீர் பாட்டில் தூக்கிக்கொண்டு ஓட விட்டார்கள். அந்த நாலும் தோல்வி. பாதி சீசன் வந்தாச்சு, ஒரே ஒரு வெற்றி, பட்டியலில் கடைசிக்கு முந்தின இடம். எங்கள் பொருநைக் காளைகள் அணிக்கு என்ன வியாதி என்று ஊரே ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறது. இவர், அதாவது என் வீட்டுக்காரர், கேப்டன் நிர்மலை மாற்ற வேண்டும் என்கிறார். பேப்பரில் எழுதுகிறவர் தொடக்க ஆட்டக்காரர் சரியில்லை என்கிறார். அந்தத் தொடக்க ஆட்டக்காரனை எப்படி மாற்றுவார்கள், ஜவுளிக்கடை விளம்பரத்தில் பட்டுவேட்டி கட்டிக்கொண்டு சிரிக்கிறவன் அவன்தானே. என்னைக் கேட்டால் வியாதி நடு ஓவர்களில் இருக்கிறது. ஏழாவது ஓவரிலிருந்து பதினைந்து வரைக்கும் பந்தை மெதுவாகப் போட்டு மட்டையடிக்கிறவனை யோசிக்க வைக்க ஓர் ஆள் வேண்டும், அந்த ஆள் நாசரேத்துக்கார ஜெபராஜ், இடது கை, பந்தைக் கையிலிருந்து விடும்போது நாக்கை லேசாகக் கடித்துக்கொள்வான். ஆனால் என்னை யார் கேட்டார்கள். நான் அடுப்படியில் நிற்கிறேன். கடாயில் எண்ணெய் காய்ந்துவிட்டது, சுசியத்துக்கு உருட்டி வைத்த பூரணம் தாம்பாளத்தில் இருக்கிறது, மிளகாய்ப்பொடி டப்பாவில் சாய்த்து வைத்த செல்போனில் சத்தமில்லாமல் ஆட்டம் ஓடுகிறது, ஹாலில் இருக்கிற மூன்று பேருக்கும் நான் இதைப் பார்ப்பது தெரியாது. தெரிந்தால் தொலைந்தேன். நான் பார்த்தால் நம்ம அணி தோற்றுவிடும், எனக்கு ராசி இல்லை, இது இந்த வீட்டில் முடிவான விஷயம்.

சுசியம் ஒன்றை மாவில் முக்கி எண்ணெயில் விட்டேன், சுற்றிலும் நுரைத்துக்கொண்டு வந்தது. அதே நேரம் ஜன்னல் வழியாக விசில். கீழ்வீட்டு ராஜாமணி சாரின் மகன்கள். அடுப்படி ஜன்னலும் அவர்கள் வீட்டு ஹால் ஜன்னலும் ஒரே சந்துக்குள் திறக்கின்றன, அதனால் அந்த வீட்டுச் சத்தம் முழுக்க எனக்குத்தான். விசில் அடங்கிக் கொஞ்ச நேரம் கழித்து எங்கள் ஹாலில் கைதட்டல், மைனியின் "முருகா!", இவர் தொடையில் அடித்துக்கொள்ளும் சத்தம். அதற்கும் அப்புறம்தான் என் செல்போனில் ஜெபராஜ் ஓடி வந்து பந்தைப் போடுகிறான், அடித்தவன் தூக்கி அடிக்கிறான், எல்லைக் கோட்டுப் பக்கத்தில் ஒருத்தன் பிடிக்கிறான். எல்லாரும் சிரித்து முடித்த பிறகு எனக்கு நகைச்சுவை சொல்கிற மாதிரிதான். கீழே ஏதோ கேபிள், எங்கள் ஹாலில் டிஷ், எனக்கு செல்போன், மூன்றும் மூன்று வேகம். முதலில் எனக்கு இது எரிச்சலாக இருந்தது. இப்போது பழகிவிட்டது, சத்தத்தை வைத்தே என்ன ஆனது என்று சொல்லிவிடுவேன். ஒரு ரன் என்றால் இவர் நாக்கைச் சப்புக்கொட்டுவார். சிக்ஸர் என்றால் மைனி "ஐயய்யோ" என்பார், எங்கள் பந்தை எவன் அடித்தாலும் மைனிக்கு அது சொந்த வீட்டில் கல் விழுந்த மாதிரி. மைனி என்றால் இவருடைய அக்கா, செண்பகம் மைனி. பக்கத்துத் தெருதான். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் என்றால் மகள் காந்திமதியையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார், எங்கள் டி.வி. பெரிது.

எங்கே ஆரம்பித்தது இந்த ராசி. போன வருஷத்துக்கு முந்தின வருஷ இறுதியாட்டம். நான் ஃபிரிட்ஜ் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், வரிசையாக மூன்று விக்கெட் போச்சு. இவர் சும்மா வேடிக்கைக்குத்தான் சொன்னார், "ஏளா வடிவு, நீ கொஞ்சம் உள்ள போயேன், நீ வந்து நின்னதுல இருந்துதான் இப்படி." நானும் சிரித்துக்கொண்டே போனேன். உண்மையைச் சொன்னால் எல்லாரையும் விட அதிகமாகச் சிரித்தவள் நான்தான். நான் உள்ளே போனதும் அடுத்த பந்து சிக்ஸர். கோப்பையை ஜெயித்தோம். அப்போது இந்த வீட்டில் யாருக்குத்தான் ராசி இல்லை, இவருக்குப் பச்சை பனியன், அதைச் சீசன் முடியும் வரை துவைக்க விடமாட்டார், காந்திமதி வலது காலை மடித்துத்தான் உட்காருவாள், ஒருதரம் மைனியின் வீட்டுக்காரர் பாத்ரூமில் இருந்த நேரம் பார்த்து ரெண்டு ஃபோர் போனதால் பாவம் அவரை அந்த ஓவர் முடியும் வரை வெளியே வரவிடவில்லை. எல்லாம் விளையாட்டு. ஆனால் மற்ற எல்லாருடைய ராசியும் ஆட்டம் முடிந்ததும் முடிந்துவிட்டது, பனியன் துவைக்கப் போய்விட்டது, என்னுடையது மட்டும் டி.வி.யை அணைத்த பிறகும் அணையவில்லை. இது எப்படி நடந்தது என்று எனக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசை. புது ஸ்கூட்டர் எடுக்கப் போன அன்றைக்கு, "நீ வீட்டுலயே இரு, வந்ததும் பாத்துக்கிடலாம்." காந்திமதிக்குப் பரீட்சை முடிவு வந்த அன்றைக்கு, "அத்தை பாக்க வேண்டாம், மாமா பாக்கட்டும்." ஒவ்வொருதரமும் ஒரு சிரிப்போடுதான் சொன்னார்கள். சிரிப்பு ஒவ்வொருதரமும் கொஞ்சம் குறைந்துகொண்டே வந்தது. இன்றைக்குக் காலையில் மைனி சிரிக்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை காந்திமதிக்கு நிச்சயம். பெண்ணுக்கு முதல் பூவைத் தலையில் வைக்கிறது தாய்மாமன் பெண்டாட்டி, அத்தை, அதாவது நான். அவள் கைக்குழந்தையாய் இருக்கும்போதே பேசி வைத்த மாதிரிதான் அது, அவளுக்கு நாலு முடி வளர்ந்த நாளிலிருந்து அதில் பூவைச் செருகிச் செருகிப் பழகிய கை இது. காலையில் மைனி வந்து வெல்லத்தை நுணுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், வெல்லத்தைப் பார்த்துச் சொன்னார், "பூ வைக்கதுக்கு ரேவதிய வரச் சொல்லியிருக்கேன். அவளும் அத்தைதான. நீ சமையல்கட்டப் பாத்துக்கிடு, என்ன." ரேவதி என் கொழுந்தன் பெண்டாட்டி, சங்கரன்கோயிலில் இருக்கிறாள், நல்ல பிள்ளைதான், அவள் மேல் எனக்கு ஒன்றும் இல்லை. நான் "சரி மைனி" என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஜெபராஜிடம் என்ன சொல்லி வெளியே உட்கார வைத்திருப்பார்கள்? அவனும் "சரி சார்" என்றுதான் சொல்லியிருப்பான். பள்ளிக்கூடத்தில் நான் பூப்பந்து ஆடினேன், ஐந்து பேர் அணி, மாவட்டப் போட்டிக்கு முந்தின நாள் டீச்சர் என் பெயரை விட்டுவிட்டு ஐந்து பெயர் படித்தார். காரணம் கேட்கவில்லை. காரணம் கேட்டால் நிஜமாகவே ஒரு காரணம் இருந்துவிடுமோ என்று பயம். இப்போதும் அதே பயம்தான், வயது மட்டும் ஏறியிருக்கிறது. சுசியம் சிவந்துவிட்டது, எடுக்கணும். எடுத்தேன். ஹாலில் இவர் நாக்கைச் சப்புக்கொட்டினார், ஒரு ரன்.

ஏனென்றால் ஒரு காரணம் இருக்கிறதோ என்று எனக்கே சந்தேகம். இதை யாரிடமும் சொன்னதில்லை. இந்த சீசனில் தோற்ற நாலு ஆட்டத்தையும் நான் இப்படி ஒளித்து வைத்துப் பார்த்தேன். ஜெயித்த முதல் ஆட்டத்தன்று செல்போனில் சார்ஜ் இல்லை, பார்க்கவில்லை. கணக்கு எனக்கு எதிராகத்தான் நிற்கிறது. ஆனால் அதே முதல் ஆட்டத்தில்தான் ஜெபராஜும் ஆடினான், தோற்ற நாலிலும் அவன் இல்லை. அப்படியென்றால் குற்றம் என் கண்ணிலா, ஜெபராஜை எடுக்காததிலா? இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கிடக்கிறது, பிரித்துப் பார்க்க வழியே இல்லாமல் இருந்தது, இன்றைக்கு வரைக்கும். இன்றைக்கு ஜெபராஜ் ஆடுகிறான், நானும் பார்க்கிறேன். ஜெயித்தால் என் கண்ணில் ஒன்றும் இல்லை. தோற்றால்? தோற்றால் அப்பா. அங்கேதான் போய் நிற்கிறது, எந்தப் பக்கம் யோசித்தாலும் அங்கேதான். போன வருஷம் அப்பா கடைசியாக ஆஸ்பத்திரியில் இருந்தபோது நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் கண்ணை மூடியே கிடந்தார். காபி வாங்க நான் கீழே இறங்கிப் போனேன், அந்த நேரம் பார்த்துக் கண்ணைத் திறந்து தம்பியிடம் "வெளிய மழையாடே?" என்று கேட்டிருக்கிறார், சிரித்திருக்கிறார், ரெண்டு வாய் தண்ணீர் குடித்திருக்கிறார். நான் மேலே வந்து உட்கார்ந்தேன். அப்புறம் பேசவில்லை. தம்பி அதைச் சந்தோஷமாகத்தான் சொன்னான். எனக்குத்தான், இறுதியாட்டத்தில் இவர் சொன்ன அந்த "நீ வந்து நின்னதுல இருந்து" வந்து ஒட்டிக்கொண்டது, இன்றுவரை உரியவில்லை. சீ, என்ன யோசனை இது, எண்ணெய் புகைகிறது, அடுப்பைக் குறைக்கணும்.

கடைசி ஓவர். கடலூர்க்காரர்களுக்கு ஒன்பது ரன் வேண்டும். நிர்மல் பந்தை யாருக்குக் கொடுக்கப்போகிறான்? வேகமாகப் போடுகிற இரண்டு பேருக்கும் ஓவர் முடிந்துவிட்டது. கீழ்வீட்டிலிருந்து "டேய் என்னடே இவன்ட்ட குடுக்கான்!" என்று ஒரு கூப்பாடு, கொஞ்சம் கழித்து எங்கள் ஹாலில் இவர், "இவனுக்குப் புத்தி கெட்டுப்போச்சா!" அதற்கும் கொஞ்சம் கழித்து என் செல்போனில் நிர்மல் ஜெபராஜின் கையில் பந்தை வைத்துத் தோளைத் தட்டுகிறான். கடைசி ஓவருக்கு ஸ்பின். இந்த ஓவரில் அடி வாங்கினால் அடுத்த ஆட்டத்திலிருந்து அவனுக்குத் திரும்பவும் தண்ணீர் பாட்டில்தான், அதுவும் என் கண்ணால் என்று ஆகிவிட்டால்? அந்தப் பையனுக்காக நான் ஒன்று செய்தேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, எண்ணெய் கொதிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, முதல் பந்து முடியட்டும் என்று நின்றேன். விசில்! கீழே விசில், நாற்காலி இழுபடுகிற சத்தம், பிறகு ஹாலில் "அவுட்டு! அவுட்டு!" என்று காந்திமதி. பார்த்தாயா, கண்ணை மூடினேன், விக்கெட். அப்போ உண்மைதானா? மெதுவாகக் கண்ணைத் திறந்தேன். செல்போனில் ஜெபராஜ் இன்னும் பந்தே போடவில்லை. முழங்கைப் பட்டையைச் சரிசெய்துகொண்டு நிற்கிறான்.

அப்போ நான் எந்தப் பந்துக்குக் கண்ணை மூடினேன்? இதோ, இப்போதுதான் ஓடி வருகிறான், நாக்கைக் கடிக்கிறான், போடுகிறான், நான் கண்ணை அகலமாகத் திறந்து வைத்துக்கொண்டு பார்க்கிறேன், கெட்ட ராசியை எல்லாம் கொட்டிப் பார்க்கிறேன், அவுட். அதே விக்கெட். என் கண் ஒன்றும் செய்யவில்லை. ஒன்றும் செய்ய முடியாது, ஏனென்றால் நான் பார்க்கும்போது எல்லாம் முடிந்துபோயிருக்கிறது. இவ்வளவு நாள் இது தெரியாமலா இருந்தேன், கீழ்வீட்டுச் சத்தம் முதலில் வரும், அப்புறம் ஹால், அப்புறம் நான், இது தினமும் கேட்டதுதானே, காதுக்குத் தெரிந்தது புத்திக்கு ஏறாமல் இருந்திருக்கிறது. என்னை விடு. ஹாலில் இவர் பச்சை பனியனோடு காலை ஆட்டாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, எதற்கு? கீழ்வீட்டில் விசிலடித்து முடித்துவிட்ட பந்துக்கு. கீழ்வீட்டுக்காரர்கள் மட்டும் என்ன, மைதானத்தில் நடந்து முடிந்து கம்பி வழியாக வந்ததைத்தான் பார்க்கிறார்கள். எல்லாருமே முடிந்துபோனதற்குத்தான் மூச்சைப் பிடிக்கிறோம். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்க முடியாமல் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டேன், சிரிப்பு பாதியில் வேறு ஒன்றாக மாறியது. அப்பா பேசி முடித்திருந்தார். அவ்வளவுதான். நான் வந்ததால் நிறுத்தவில்லை, நிறுத்தின பிறகு நான் வந்தேன். காபி ஆறிப்போகாமல் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு படியேறினேனே, அப்போதே பேசி முடித்திருந்தார். எத்தனை மாசம் இதைத் தூக்கிச் சுமந்தேன். அழுகை வந்தது, அழுதேன், சுசியம் ஒன்று கருகிவிட்டது, கருகட்டும்.

இரண்டாவது பந்தில் ஒன்று, மூன்றாவதில் இரண்டு, நாலாவதில் ஒன்று, ஐந்தாவதில் இரண்டு. எல்லாவற்றையும் மூன்று தடவை கேட்டும் பார்த்தும் முடித்தேன். கடைசிப் பந்து, மூன்று ரன் வேண்டும். அடுப்பை அணைத்தேன். ஜன்னல் பக்கம் போய் நின்றேன். கீழே முதலில் ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் ராஜாமணி சாரின் குரல் மட்டும், கோபம் கூட இல்லாமல், "போச்சு." யாரோ நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போகிறார்கள். தோற்றுவிட்டோம். எங்கள் ஹாலில் இன்னும் யாருக்கும் தெரியாது. இவர் இன்னும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார், மைனி முருகனை நினைத்துக் கையைக் கூப்பியிருப்பார். நான் இங்கேயே நின்றுவிடலாம். நின்றால் இந்தத் தோல்வி ஜெபராஜுக்கும் நிர்மலுக்கும் போகும், என் மேல் விழாது. இப்போது போய் நின்றால் என் மேல்தான் விழும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இங்கே நின்றேன் என்றால் வெள்ளிக்கிழமையும் இங்கேதான் நிற்பேன். செல்போனையும் சுசியத் தட்டையும் எடுத்துக்கொண்டு வேகமாக ஹாலுக்குப் போனேன், டி.வி.க்கு நேர் எதிரில், மைனி பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்தேன்.

"ஏளா! கடைசிப் பந்து! உள்ள போ!" இவர் அலறினார்.

"மைனி, வெள்ளிக்கிழமை மதிக்குப் பூ நான்தான் வைப்பேன்" என்றேன். குரல் நான் நினைத்ததை விடப் பெரிதாக வந்துவிட்டது. "ரேவதி வரட்டும், அவளும் வைக்கட்டும். மொதப் பூ நான் வைப்பேன்." மைனி வாயைத் திறப்பதற்குள் டி.வி.யில் ஜெபராஜ் ஓடி வந்தான். நல்ல பந்துதான், சத்தியமாக நல்ல பந்து, மட்டையின் ஓரத்தில் பட்டுக் ஆள் இல்லாத பக்கம் போய்விட்டது. ஃபோர். கடலூர்க்காரர்கள் மட்டையைத் தூக்கிப் போட்டுக் குதித்தார்கள். எங்கள் ஹாலில் மூன்று தலையும் டி.வி.யை விட்டு என் பக்கம் திரும்பின. மைனிதான் சொன்னார், மெதுவாக, அடித்த மாதிரி, "பாத்தியா. வந்து உக்காந்த உடனே."

செல்போனை மைனி மடியில் வைத்தேன். "இதுல இன்னும் போடல, மைனி. பாருங்க, இப்பதான் பந்த வாங்குதான். நான் அடுப்படில இருந்து இதுலதான் முழு ஆட்டமும் பாத்தேன், தோத்த நாலு ஆட்டமும் இதுலதான் பாத்தேன், உங்களுக்கு அப்புறமாத்தான் எனக்கு எல்லாமே தெரியும். இப்ப நான் கண்ண மூடிக்கிடுதேன். எனக்கு ராசி இல்லங்கது நெசம்னா இதுல அவுட்டாகட்டும். ஆச்சுன்னா சொல்லுங்க, வெள்ளிக்கிழமை மட்டுமில்ல, கல்யாணத்தன்னைக்கும் சமையல்கட்டுலயே இருந்துக்கிடுதேன்." கண்ணை மூடினேன். இவர் "என்ன கிறுக்கு இது" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். சோபா ஒரு பக்கம் அமுங்கியது, காந்திமதி வந்து எட்டிப் பார்க்கிறாள் போலிருக்கிறது, அவள் தலை எண்ணெய் வாசம் அடித்தது. இவ்வளவு யோசித்துக் கண்டுபிடித்த பிறகும், வெட்கம்தான், உள்ளே ஒரு பயம், ஒருவேளை அவுட்டாகிவிட்டால் என்ன செய்வது என்று.

காந்திமதி சிரித்துவிட்டாள். "ஃபோர்தான் அத்தை. அதே ஃபோர்." சிரிப்பு நிற்கவில்லை அவளுக்கு. "எம்மா, அதே ஃபோரும்மா, பாத்தியா? அத்தை, கண்ணத் தொறங்க. பூவுக்கு இன்னைக்கே சொல்லி வைக்கணும், பிச்சியா மல்லியா? நீங்கதான வைக்கப் போறீக."

நான் கண்ணைத் திறக்கவில்லை. மைனி என்ன சொல்லப்போகிறார் என்று காது மட்டும் காத்துக்கொண்டிருந்தது. என் கையிலிருந்த தட்டிலிருந்து யாரோ ஒரு சுசியத்தை எடுத்தார்கள், வளையல் சத்தம், மைனிதான்.

"பிச்சியே சொல்லு" என்றார் மைனி, வாயில் சுசியத்தோடு. "ஏளா வடிவு, வெள்ளிக்கிழமை காலைல வெள்ளனமே வந்துரு. சமையல்கட்டுக்கு வேற ஆளு பாத்துக்கிடுதேன்."